மேஸ்திரியின் நோட்டில் ஒரு வரி

பிப்ரவரி 3, 2025 – திங்கள்

பெருமதிப்பிற்குரிய நாட்குறிப்பேட்டிற்கு,

வணக்கம். ஆண்டு பிறந்து முப்பத்து மூன்று நாட்கள் கழிந்த பின்னரே உன்னைத் திறக்கிறேன். இத்தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். தை மாதம் பாதிவரை நான் கரும்புக் கொல்லையில் இருந்தேன். அதன் பிறகும், உன்னைத் தொடுவதற்குத் தகுந்த கையாக என் கை இருக்கவில்லை. உள்ளங்கையின் காய்ப்புகள் நேற்றுத்தான் உரிந்து விழுந்தன.

என் பெயர் அருணாதேவி. வயது நாற்பத்தொன்று. பள்ளி எனக்குக் கொடுத்தது மூன்றாம் வகுப்பு வரை. மற்றவை நானே தேடிக்கொண்டவை. மகள் கவிநிலா ஒரு வகுப்பை முடித்துப் பாடநூலை மூடும்போது நான் அதைத் திறப்பேன். அம்முறையில் தற்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறேன்.

கிராமத்தில் எங்கள் கிணறு வற்றி, நிலம் கைமாறிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு கார்த்திகையிலும் தீபம் காண உலகமே திருவண்ணாமலைக்குள் வந்துகொண்டிருக்கையில், நாங்கள் எதிர்ப்பக்கம் பேருந்து ஏறிக் கர்நாடகத்து மண்டியாவிற்குக் கரும்பு வெட்டச் சென்றோம். மேஸ்திரி ராமகிருஷ்ணன் ஆட்களைத் தனித்தனியாக எழுதுவதில்லை. ஜோடியாகவே எழுதுவார். கணவன் வெட்ட வேண்டும்; மனைவி சோகை என்னும் காய்ந்த தோகையை உரித்துக் கட்டுக் கட்ட வேண்டும். 'மூர்த்தி – அருணா' என்பது அவருடைய நோட்டில் ஒரே வரி.

ஆண்டுக்கு ஐந்து மாதப் பள்ளியை இழந்து இழந்து, கவிநிலா பதினாறு வயதில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். இம்முறை என்னால் இயலவில்லை. வெட்டின் நடுவிலேயே அவளை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். என் கணவர் அப்போது சொன்னதை இங்குப் பதிவு செய்ய விரும்பவில்லை. ஆயினும் பதிவு செய்கிறேன்: "பாதி வெட்டுல ஜோடிய முறிச்சிட்டுப் போறியா? போ. போன எடத்துலயே இருந்துக்க."

போன இடம் இதுதான். திருவண்ணாமலையில், செங்கம் சாலை ஆசிரமத்திற்குப் பின்புறத் தெருவில் ஒரு தங்கும் விடுதி. அறைகளைத் துடைப்பது என் பணி. மாடிப்படியின் கீழே எங்கள் இருவருக்கும் ஓர் அறை. அறையைக் காலி செய்த ஒரு விருந்தினர்தான் உன்னை மேசையிலேயே விட்டுச் சென்றார்.

பிப்ரவரி 4

இன்றும் என் கணவரிடமிருந்து அழைப்பு இல்லை.

பிப்ரவரி 12 – புதன், பௌர்ணமி

விடுதி நிரம்பி வழிந்தது. மெத்தைக் கடை அஸ்மத் அம்மாள் கூடுதல் தலையணைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தாமே வந்தார். கணவர் இறந்த பின் கடையைத் தனியே நடத்துபவர். குரல் எப்போதும் தெருமுனைவரை கேட்கும். இன்று அக்குரலில் கோபம் இருந்தது. அடிஅண்ணாமலைப் பக்கம் அவருக்குக் கிணற்றோடு ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறதாம். யாரோ லாரியில் கட்டடக் கழிவைக் கொண்டுவந்து அதில் கொட்டிச் செல்கிறார்களாம்.

"மனு எழுதறவன் மூணு வரி எழுதறான். அதுல ரெண்டு வரி என் அட்ரஸு. இன்னாத்த நடக்கும்?" என்றார்.

நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். என் கையிலிருந்த துடைப்பத்தை ஒருமுறை, என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"நீயா?"

"ஆம் அம்மா. நான்தான்."

பிப்ரவரி 17 – திங்கள்

வேங்கிக்கால், ஆட்சியர் அலுவலகம், குறைதீர்க்கும் நாள். மனுவில் நான் அமைத்த வாக்கியம்: 'விளைச்சலுக்கென்று இறைவன் அளித்த மண், இடிபாடுகளின் கீழ் மூச்சுத் திணறிக் கிடப்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.' மேசையில் இருந்த அலுவலர் அதை இருமுறை வாசித்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்டார்.

அஸ்மத் அம்மாள், "எங்க வக்கீலம்மா" என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

மார்ச் 9 – ஞாயிறு

கழிவு அகற்றப்பட்டுவிட்டது! அஸ்மத் அம்மாள் நோன்பிலும் விடாமல் என்னை ஆட்டோவில் அழைத்துச் சென்று காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். செம்மண். ஒரு கட்டியை எடுத்து விரலால் அழுத்தினால் உடைகிறது, ஆனால் மணலாக உதிர்ந்து ஓடவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தண்ணீர். எங்கள் கிணற்றைக் கடைசியாக எட்டிப் பார்த்தபோது அடியில் ஒரு பிளாஸ்டிக் குடமும் இரண்டு கற்களும் தெரிந்தன.

"ஏம்மா அழுவுற?" என்றார் அஸ்மத் அம்மாள்.

தூசி என்றேன்.

ஏப்ரல் 1 – செவ்வாய்

நேற்று ரமலான் பெருநாள். இன்று அஸ்மத் அம்மாள் பிரியாணித் தூக்குடன் வந்து, "மனுவுக்கு நீ ஒண்ணும் வாங்கல. இன்னா வேணும், கேளு" என்றார்.

மூன்று வாரங்களாக மனத்திற்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்ததைச் சொன்னேன். நிலத்தை வாரத்திற்குத் தர வேண்டும். அதாவது நிலமும் விதையும் அவருடையவை, உழைப்பு எங்களுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்கு ஏற்ற மண் அது.

பிரியாணித் தூக்கை என் கையில் கொடுத்தார். பிறகு: "என் தம்பி மவன் சாகில் பிளாட் போட்டுடலாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். ஆடி பொறக்கச்சொல்ல நிலத்துல பச்ச தெரியணும். தெரியலன்னா கல்லு நட்டுடுவான், நான் தடுக்க மாட்டேன். சரி, ஏரு ஓட்ட ஆள் யாரு? ஊட்டுக்காரர் வருவாரா?"

"வருவார்" என்றேன்.

வாழ்நாளில் நான் சொன்ன மிகத் துணிச்சலான ஒரு சொல் அது. உண்மையா என்பது எனக்கே தெரியாது.

ஏப்ரல் 2

நானே அழைத்தேன். நிலம், கிணறு, வாரம் என யாவற்றையும் ஒழுங்காக எடுத்துரைத்தேன். மறுமுனையில் லாரியில் கரும்பு ஏற்றும் சத்தம்.

"நம்ம கெணறு மட்டும் தண்ணி இல்லாமயா பொறந்துச்சு? நிலத்தப் பத்தி எங்கிட்டப் பேசாத."

"கவிநிலா பத்தாம் வகுப்பிற்குப் போகப்போகிறாள்..."

"இங்க எனக்குப் பேரு இன்னா தெரியுமா? ஒத்த மாடு. 'ஒத்த மாடு எங்க, ஏரு ஓட்டப் போவுதா?'ன்னு கேக்கறானுங்க. ஜோடி இல்லாதவனுக்கு மேஸ்திரி எவனும் தொடாத அடிக்கொல்லையும் முள்ளும்தான் குடுக்கறான். நீ பிரியாணி தின்னு."

வைத்துவிட்டார். பிரியாணி பற்றி அவருக்குக் கவிநிலாதான் சொல்லியிருக்க வேண்டும். ஆக, மகளோடு பேசுகிறார். என்னோடுதான் இல்லை. இதைத் துக்கமாகக் கொள்வதா, நம்பிக்கையாகக் கொள்வதா?

ஏப்ரல் 3

நம்பிக்கையாகவே கொள்ள முடிவு செய்துள்ளேன்.

மே 20 – செவ்வாய்

கோடை மழை இருமுறை பெய்தது. டிராக்டர் வைத்து நிலத்தை ஒரு முறை உழுது போட்டாயிற்று. அஸ்மத் அம்மாள் விதைக்கென்று இரண்டு மூட்டைக் கடலைக்காயை அனுப்பிவைத்தார். விதைக் கடலையை இயந்திரத்தில் உடைக்கலாகாது. பருப்பின் தோல் கீறிவிடும். ஆகவே பிற்பகலில் விடுதிப் பணி முடிந்ததும் நானும் கவிநிலாவும் உட்கார்ந்து கையால் உடைக்கிறோம். பள்ளி விடுமுறை. ஒரு மூட்டை முடிந்துவிட்டது. நாங்கள் இருவரும் இவ்வளவு வேகமாக உடைப்போம் என்று நானே எண்ணவில்லை. என் விரல்கள் எதையும் மறக்கவில்லை.

மே 27 – செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

உடைத்த பருப்பை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்திருந்தேன். காலையில் அவிழ்த்தேன் – புளித்த வாடை. கையை விட்டால் உள்ளே சூடு. பருப்பின் தோல் விரலோடு வழுக்கிக்கொண்டு வருகிறது. அடியில் பச்சைப் பூஞ்சை.

நான்தான். வேறு யாருமில்லை, நான்தான். தண்ணி தெளிச்சேன். முதல் நாள் சாயங்காலம் காய் மேல தண்ணி தெளிச்சு, சாக்குப் போட்டு மூடி, மறுநாள் உடைச்சேன். பதினோரு வருசமா கரும்பு வெட்டி முடிச்சு வந்ததும் மில்லுக்குத்தானே கடலை உடைச்சோம்? மில்லுக்கு அப்படித்தான். தண்ணி பட்டால் ஓடு இளகும், நகம் பிழைக்கும், மூட்டை சீக்கிரம் முடியும். எண்ணெய் ஆட்டுறவனுக்கு முளைச்சா என்ன, முளைக்காட்டி என்ன? ஆனால் விதைக்கு ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? எங்க நிலத்துல விதை உடைச்சவதானே நானும்? தெரியும். கைக்குத்தான் மறந்துபோச்சு.

'விரல்கள் எதையும் மறக்கவில்லை' என்று ஒரு வாரத்திற்கு முன் எழுதியவள் நான். அந்த வரியை அடிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

மே 28 – புதன்

இரண்டாம் மூட்டையை இன்னும் தொடவில்லை. அது உலர்ந்தே இருக்கிறது. முதல் மூட்டையில் எவ்வளவு பிழைக்கும்? அதை அறியும் முறை ஒன்று உண்டு. என் கணவருக்குத் தெரியும். எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. விடுதி உரிமையாளரிடம் கேட்கலாம், வேளாண் அலுவலகத்தில் கேட்கலாம்... அவரிடம் மட்டும் கேட்பதில்லை என்று காலை முழுவதும் உறுதியாக இருந்தேன்.

மதியம் கேட்டேன்.

"நான்தான்."

"தெரியுது. சொல்லு."

"விதை கெட்டுப்போய்விட்டது."

மறுமுனையில் அரிவாளைக் கீழே போடும் சத்தம். பிறகு மிக மெதுவாக: "தண்ணி தெளிச்சியா?"

"தெளிச்சேன்."

"வெதைக்கா, மில்லுக்கா? அடிப்பாவி, வெதையாச்சே!"

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினார். நன்றாகவே திட்டினார். ஆனால் திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். நனைந்ததை உடனே நிழலில் பரப்பு, வெயிலில் போடாதே. பூஞ்சை பிடித்ததை ஆட்டுக்குக்கூட வைக்காதே. நல்லதாகத் தெரிவதில் நூறு பருப்பு எண்ணி ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டு. உலர்ந்த மூட்டையிலும் நூறு எடுத்து இன்னொரு சாக்கில் சுருட்டு. ஆறாம் நாள் பிரித்து எண்ணு.

கைப்பேசியை வைப்பதற்கு முன், "மூக்கு மேல பாத்து வை" என்றார். பருப்பின் முளைப்பக்கத்தைச் சொல்கிறார். நிலத்தைப் பற்றிப் பேசாதே என்றவர் பதினெட்டு நிமிடம் பேசினார். கைப்பேசியில் பார்த்தேன்.

மே 30

அவரிடமிருந்து அழைப்பு. நான்கு மாதங்களில் முதன்முறை. "மொளச்சுதா?" என்றார். இன்னும் பார்க்கவில்லை என்றேன். வைத்துவிட்டார்.

மே 31

"மொளச்சுதா?" இல்லை. வைத்துவிட்டார்.

ஜூன் 1

"சாக்கு காயாம பாத்துக்கறியா?"

பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 3 – செவ்வாய்

பிரித்தோம். கவிநிலா எண்ணினாள். நனைந்ததில் நூற்றுக்கு முப்பத்தாறு. உலர்ந்ததில் தொண்ணூற்றொன்று. உலர்ந்த சாக்கின் முளைகள் வெள்ளை வெளேரென்று, ஒரே பக்கமாகத் தலை சாய்த்துக்கொண்டு... அவற்றை வர்ணிக்க எட்டாம் வகுப்புத் தமிழ் போதவில்லை.

அவரிடம் சொன்னேன். "முப்பத்தாற வெச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது. கொட்டிடு. காஞ்ச மூட்டை அர ஏக்கருக்கு வரும். மீதி அர ஏக்கர்ல காராமணி போடலாம், அது எந்த மண்ணுலயும் வரும்" என்றார்.

'போடலாம்' என்றார். 'போடு' என்று சொல்லவில்லை. யாரோடு சேர்த்துச் சொன்னார்? நான் கேட்கவில்லை.

ஜூன் 4 – புதன்

அஸ்மத் அம்மாளிடம் நேரில் சென்று ஒப்புக்கொண்டேன். காரணம் கூறும் நீண்ட வாக்கியம் ஒன்றைத் தயாரித்திருந்தேன். கடை வாசலில் அது மறந்துவிட்டது. "நனைச்சுட்டேன் அம்மா. ஒரு மூட்டை போச்சு. தப்பு என்னுது" என்று மட்டுமே வந்தது.

அவர் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்த மெத்தையிலிருந்து கையை எடுக்கவில்லை. "என் பஞ்ச எவனாவது நனைச்சா அவன் கைய ஒடிப்பேன், தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"வேற மூட்டை இல்ல. கேக்காத."

"கேட்கவில்லை. பாதி நிலத்தில் காராமணி விதைக்க அனுமதி மட்டும் வேண்டும்."

ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சாகிலுக்கு மல்லாட்டை எது காராமணி எதுன்னு தெரியவா போவுது? பச்சையா இருந்தா சரி. போய் வேலையப் பாரு வக்கீலம்மா."

ஜூன் 9 – திங்கள்

மண்டியாவில் வெட்டு முடிந்தது. கூட்டம் இப்போது குடகிற்கு இஞ்சிக் கொல்லை வேலைக்குப் போகிறதாம். மேஸ்திரி அவரையும் கூப்பிட்டிருக்கிறார். அங்கே ஒற்றை ஆளும் போகலாம். இச்செய்தி கவிநிலா வழியாக வந்தது. "வா என்று சொல்லேன்மா" என்கிறாள் மகள்.

சொல்லவில்லை. சொல்லி வருபவர் ஒரு கார்த்திகையில் திரும்பிப் போவார். ஆனால் ஏர் மாடு வைத்திருப்பவரிடம் இருபத்திரண்டாம் தேதிக்குச் சொல்லிவைத்துவிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 12

அழைப்பு இல்லை.

ஜூன் 13

இல்லை.

ஜூன் 15 – ஞாயிறு

காலை பத்து மணி. மூன்றாம் அறையின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அஸ்மத் அம்மாள் அழைத்தார்.

"வக்கீலம்மா, எவனோ ஒரு ஆளு பைய வரப்புல வெச்சிட்டு என் நிலத்து நடுவுல குந்திக்கினு மண்ண மோந்து பாக்கறான். யாருன்னு கேட்டா, 'இந்தக் கெணத்துக்கு ஊத்து எந்தப் பக்கம்?'ன்னு என்னையே கேக்கறான். போலீஸக் கூப்புடவா, நீ வரியா?"

விரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். விடுதியில் என் மீது இதுவரை ஒரு குறையும் இல்லை. இன்று ஒன்று பதிவாகியிருக்கும்.

அவர் இளைத்திருந்தார். பேருந்திலிருந்து இறங்கியதும் அறைக்கு வராமல் நேரே இங்கே வந்திருக்கிறார். வழியைக் கவிநிலா சொல்லியிருக்கிறாள். நான் வரப்பில் நின்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"ஊத்து வடக்கால" என்றார்.

"வாங்க" என்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

ஜூன் 22 – ஞாயிறு

விதைத்தோம். அவர் ஏரைப் பிடித்து முன்னால் செல்ல, நான் ஏர் கிழித்த சாலில் விதையைப் போட்டுக்கொண்டே பின்னால் சென்றேன். நான்கு விரற்கடைக்கு ஒன்று. கவிநிலா என் மடியில் விதையை நிரப்பிக் கொடுத்தாள். அஸ்மத் அம்மாள் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, "வேகமா போறீங்க, மெதுவா போங்க!" என்று தமக்குத் தெரியாத தொழிலுக்கு மேற்பார்வை பார்த்தார்.

ஐந்தாம் சாலில் என் கணவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"கரும்புலயும் இப்பிடித்தான். நான் முன்னால, நீ பின்னால."

"ஆமாங்க."

"அங்க நாம நடந்தா பின்னால ஒண்ணும் இருக்காது. வெறுங்கொல்லைதான். இங்க இருக்கும்."

குனிந்து அடுத்த விதையைப் போட்டேன். விதை தப்பிவிடக் கூடாதல்லவா?

ஜூன் 29

முளைகள் முட்டி மண் வெடிக்கிறது. கண்டேன்.

ஜூலை 13 – ஞாயிறு

ஆடி பிறக்க இன்னும் நான்கு நாட்கள். சாகில் அளவு நாடாவும் ஒரு நண்பருமாக வந்தார். நல்ல பிள்ளைதான், மரியாதையாகவே பேசினார். நிலத்தைப் பார்த்தார். கடலை நான்கு விரல் உயரத்திற்குமேல் நின்றது. காராமணி அதைவிட வேகம். "இது எல்லாம் நீங்க போட்டதாங்க?" என்று கேட்டார். என் கணவர் களைக்கொத்தைக் கீழே வைக்காமல், "செருப்பக் கழட்டிட்டு வாங்க தம்பி, செடி மெதிபடும்" என்றார்.

கழற்றிவிட்டு வந்தார். நாடாவைப் பையை விட்டு எடுக்கவில்லை.

ஜூலை 25

கடலை பூத்திருக்கிறது. இடைத் தேர்வில் கவிநிலாவிற்குத் தமிழில் எழுபத்தெட்டு. எனக்கு ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

மேஸ்திரி ராமகிருஷ்ணன் கார்த்திகைக்கான பெயர்களை எழுதத் தொடங்கிவிட்டாராம். கைப்பேசியில் என் கணவரை அழைத்து, "போன வருசக் கோவத்த விடு மூர்த்தி, உங்க ஜோடிய மொத வரியில வெக்கிறேன்" என்றாராம். இவர் பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டு, களை எடுக்கும் கொத்தோடு என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"போன்ல சொன்னா பேசியே மடக்கிடுவான். நீ எழுது" என்றார்.

"என்ன எழுதட்டும்?"

"மனு எழுதுவியே, அது மாதிரி. ஐயா கிய்யா எல்லாம் போட்டே எழுது. பதினோரு வருசம் சோறு போட்டவன்."

எழுதினேன். உரக்க வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில்கூட அவர் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தம் பெயரைத் தாமே எழுதினார். அதன் கீழே என் பெயரை நான் எழுதினேன். நாளை தபாலில் சேர்ப்பேன். கடிதத்தின் படி இங்கே:

'மதிப்பிற்குரிய மேஸ்திரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அழைப்பிற்கு உடனே மறுமொழி கூற இயலாமற்போனதற்கு வருந்துகிறோம். இவ்வாண்டு முன்பணம் எதையும் நாங்கள் பெற்றுக்கொள்ளவில்லை. புரட்டாசியில் எங்களுக்குக் கடலை அறுவடை இருக்கிறது. கார்த்திகையில் மறு விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்ய வேண்டும். ஆகவே தங்கள் நோட்டிலுள்ள "மூர்த்தி – அருணா" என்னும் வரியை அடித்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அவ்வரியில் வேறொரு ஜோடியை எழுதிக்கொள்ளலாம். அவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளை இருப்பின், ஒருமுறை யோசித்து எழுதவும்.

அடித்துவிட்டதை உறுதி செய்து, விரைவில் பதில் அனுப்பவும்.'